மண் வடிகட்டிக் குடம்: எந்தத் தண்ணீருக்கு வாங்கலாம், எதற்குக் கூடாது

பூந்தொட்டி போல அடி குறுகி வாய் அகன்ற ஒரு சுட்ட மண் கலம். அதைத் தாங்கிக்கொள்ளும், குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி. மேலே ஒரு மூடி. சாமான் இவ்வளவுதான். பர்மியக் கடைகளில் ‘மியே-ஓ யேசிட்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதி டெல்டாக் குளங்களில் கடல்நீரை ஏற்றிவிட்டுப் போன பிறகு, நிவாரணப் பொருள்களோடு இதுவும் ஊர்களுக்குள் வந்தது. இப்போது ரங்கூனை அடுத்த டாலா, சிரியம், துவாந்தே பக்கம் கோடை வந்தாலே இதை வாங்கலாமா என்ற பேச்சு எழுகிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குளத்துத் தண்ணீரோ மழைநீரோ குடிக்கிற வீடு இதைத் தயங்காமல் வாங்கலாம். ரங்கூன் குழாய்த் தண்ணீருக்கும் ஏற்றது. ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உப்பேறிய தண்ணீருக்கு வாங்கவே வேண்டாம். விலையைக் கேட்பதற்கு முன்னால் ‘நம் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். இந்தக் குடத்தால் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்.

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவை எடுத்துக்கொள்வோம். அங்கே குடிநீர் என்றால் மழை நிரப்பிய குளம். பங்குனி, சித்திரையில் நீர் இறங்க இறங்க, குறைந்துபோன தண்ணீரில் அதே அழுக்கு செறிகிறது. அடிச்சேற்றைக் கலக்கித்தான் மொள்ள வேண்டியிருக்கும். பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கக்கூஸ் குழிகள் நிரம்பி வழிந்து, அந்த நீர் சரிவு பார்த்துக் குளத்துக்கே போய்ச் சேருகிறது. கோடையில் தண்ணீர் குறைவதாலும் வயிற்றுப்போக்கு, மழையில் பெருகுவதாலும் வயிற்றுப்போக்கு. 2024 மழைக்காலத்தில் ரங்கூன் புறநகர்களில் காலரா பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நகரத்துக்குள்ளும் நிம்மதி இல்லை. லோகா ஏரித் தண்ணீர் 1904 முதல் ரங்கூனுக்கு வருகிறது. குறை ஏரியில் இல்லை, வழியில் இருக்கிறது. பழைய குழாய்களில் தண்ணீர் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்பதில்லை. கரண்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சும்போது, வெடிப்புள்ள இடங்களில் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து இழுபடுகிறது. கரண்டை நம்பி ஓடும் வடிகட்டி எந்திரங்கள் இந்த ஊரில் பாதி நாள் சும்மா நிற்கும். மண் குடத்துக்குக் கரண்ட் தேவையில்லை. அதன் முதல் பலம் அதுதான்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் எங்கே தவறும் என்பதும் தெரியும். சலித்த களிமண்ணோடு நன்றாக அரைத்துச் சலித்த உமியைச் சேர்க்கிறார்கள். எடையில் ஏறக்குறைய 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு உமி. அச்சில் அழுத்தி, நிழலில் உலர்த்தி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறார்கள். சூட்டில் உமி எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளின் வழியே தண்ணீர் வளைந்து நெளிந்து கசிகிறது. அதைவிடப் பெரிய உயிரிகள் சிக்கிக்கொள்கின்றன. வயிற்றுக்கடுப்புக்குக் காரணமான அமீபா, ஜியார்டியா போன்றவற்றின் கூடுகள் பெரியவை என்பதால் உறுதியாக நிற்கும். காலரா, டைபாய்டு போன்ற பாக்டீரியாவில் பெரும்பகுதி நிற்கும். தப்பி வருவதைத் தடுக்கத்தான் கலத்தின் உள்ளும் புறமும் வெள்ளிக் கரைசல் பூசுகிறார்கள். உமி கரடுமுரடாக இருந்தாலும், சூளையில் சூடு ஒரே சீராகப் பரவாவிட்டாலும் துளை பெரிதாகிவிடும். ஒரே பட்டறையில் ஒரே நாளில் சுட்ட இரண்டு குடங்கள்கூட ஒன்றுபோல வடிப்பதில்லை.

அதனால் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். குடத்தை ஒரு கையில் ஏந்தி விரல் கணுவால் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் எடுக்கலாம். ‘தொப்’ என்று அடைத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. பானை வாங்கிப் பழகிய எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். அடுத்து, குடத்தின் விளிம்பு வாளியின் வளையத்தில் சுற்றிலும் படிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் விரல் நுழைகிற சந்து இருந்தால்கூட அது எறும்புக்கும் கரப்பானுக்கும் வாசல். மூன்றாவது குழாய். வாளியின் உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். குழாய் மட்டும் தனியாக உபரியாகக் கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள். குடம் நன்றாக இருந்தும் குழாய் ஒழுகுவதால் மூலையில் தூக்கிப் போட்ட வடிகட்டிகள் ஏராளம்.

வீட்டுக்கு வந்ததும் குடத்தை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். ஊறியதைக் கவிழ்த்து, வாய் கீழே இருக்கும்படி பெரிய அண்டாத் தண்ணீருக்குள் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்திலிருந்து குமிழி கோடாக எழுந்தால் அங்கே கீறல், கொண்டுபோய் மாற்றுங்கள். பிறகு வாளியில் பொருத்தி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் கீழே எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து பாருங்கள். 1 லிட்டரிலிருந்து 3 லிட்டர் வரை இருந்தால் சரி. அதற்கு மேல் வேகமாக வடிந்தால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. துளை பெரிது, கிருமியும் கூடவே வருகிறது. முதல் மூன்று நிரப்பு குடிக்க வேண்டாம். மண் வாடையும் உதிரி வெள்ளியும் அதோடு போகட்டும், செடிக்கு ஊற்றுங்கள்.

குடம் பெரும்பாலும் 8 லிட்டர் கொள்ளும். மட்டம் குறையக் குறைய வடிதலும் மெதுவாகும் என்பதால் 8 லிட்டரும் இறங்க இரவு முழுக்க ஆகும். காலையும் மாலையும் நிரப்பினால் நாளுக்கு 14, 15 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்க இது போதும். ஏழெட்டுப் பேர் என்றால் இரண்டு குடம் வாங்குங்கள். அவசரத்துக்கு மேலே மேலே ஊற்றுவதுதான் பெரிய தவறு. விளிம்பைத் தாண்டி வழிகிற தண்ணீர் வடியாமலே கீழ் வாளிக்குள் இறங்கிவிடும். ஒரு செம்பு குளத்துத் தண்ணீர் அப்படி இறங்கினால் வாளி முழுவதும் வீண். கொட்டிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

கலங்கல் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். குடம் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும். முதலில் தனிச் சாடியில் தெளிய விடுங்கள். படிகாரம் எந்தப் பர்மியச் சந்தையிலும் ‘சௌச்சின்’ என்று கிடைக்கும். 20 லிட்டருக்கு 1 கிராம் பொடி, அதாவது கால் தேக்கரண்டிக்கும் குறைவு, போட்டு ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, சில மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் தூசி ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரண்டு கனத்து அடியில் இறங்குகிறது; அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் ‘படிகாரம் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். நம் முன்னோர் பானையின் உட்சுவரில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதே வேலைதான். கொட்டை கிடைத்தால் அதையே செய்யலாம். மேல் தெளிவை மெல்லிய பருத்தித் துணியை நாலாக மடித்து, அதன் வழியாகக் குடத்தில் ஊற்றுங்கள்.

இந்தத் தெளிய வைக்கும் சாடியில் வேறொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள். குடிநீரைச் சேமிக்கத் தொடங்கிய வீட்டில் டெங்கு வந்தால், ஒரு நோயை விரட்டி இன்னொன்றை அழைத்ததாகிவிடும். சாடிக்கு இறுக்கமான மூடி போடுங்கள், துணி கட்டினாலும் சரி. வாரம் ஒரு முறை காலி செய்து உட்சுவரைத் தேயுங்கள்; தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. தேய்க்க முடியாத பெரிய தொட்டிக்குக் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மணல், 1 சதவீத வகை, 100 லிட்டருக்கு 10 கிராம்.

இனி கழுவும் விஷயம். வடிகட்டிகள் கெடுவது பெரும்பாலும் அழுக்கால் அல்ல, கழுவும் முறையால்தான். வடிதல் மெதுவானால் குடத்தின் உட்புறத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால், வடித்த தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சோப்பு கூடாது, துளைக்குள் ஏறிய சோப்பு பல நாளைக்கு ருசியில் தெரியும். பிளீச்சிங் தண்ணீரும் கூடாது, வெள்ளிப் பூச்சைக் கெடுக்கும். குடத்தின் வெளிப்புறம்தான் சுத்தமான பக்கம் என்பதை மனத்தில் வையுங்கள். தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் சொட்டுகிறது. வாளியைக் கழுவுவதற்காகக் குடத்தைத் தூக்கித் தரையில் வைத்தால், தரையில் இருப்பதெல்லாம் அடுத்த நாள் குடிநீரில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, கழுவிய தட்டின் மேல் வையுங்கள். கீழ் வாளிக்குத்தான் சோப்பு; வாரம் ஒரு முறை. குழாயையும் கழற்றித் தேயுங்கள், வழவழப்பு முதலில் படிவது அதற்குள்தான். வாளியை முக்காலியிலோ செங்கல் மேடையிலோ உயரமாக வைத்தால் குழாய்க்குக் கீழே டம்ளர் நிற்கும். தரையில் வைத்தால் பிள்ளைகள் மூடியைத் திறந்து குடத்திலேயே மொண்டு குடிப்பார்கள்.

கம்போடியாவில் இதே வகைக் குடங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், குடம் வைத்த வீடுகளில் வயிற்றுப்போக்கு 46 சதவீதம் குறைவாக இருந்தது. பாதிக்குப் பாதி என்பது சிறிய நன்மை இல்லை. மீதி ஏன் குறையவில்லை என்பதற்குக் காரணம் குடத்துக்கு வெளியே இருக்கிறது. கழுவாத கை, மூடாத கக்கூஸ், வயலிலும் பள்ளியிலும் வேலைத்தளத்திலும் குடிக்கும் வேறு தண்ணீர். அதே ஆய்வில், மாதத்துக்கு ஏறக்குறைய 2 சதவீத வீடுகள் குடத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டன. முக்கியக் காரணம் சலிப்பு அல்ல. உடைந்துபோனது, மாற்றுக் குடம் அருகில் கிடைக்கவில்லை.

குடத்தால் முடியாதவற்றை மறைத்துப் பேசும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். மஞ்சள் காமாலையைக் கொடுக்கும் ஹெபடைடிஸ் ஏ, குழந்தைகளின் ரோட்டா போன்ற வைரஸ்கள் மிகச் சிறியவை. துளை வழியே தாராளமாக வந்துவிடும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால், வடித்த தண்ணீரை மேலும் ஒரு முறை தளதளவென்று கொதிக்க விடுங்கள். அல்லது 20 லிட்டர் மூடிய பாத்திரத்தில் சேர்த்து, 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மாத்திரை வடித்த பிறகுதான். வடிப்பதற்கு முன்னால் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், வெள்ளியும் கெடும்.

ஆர்சனிக் வேறு கதை. ஐராவதி டெல்டாவிலும் பெகுப் பக்கத்திலும் ஆழம் குறைந்த ஆழ்குழாய்கள் பலவற்றில் இது இருக்கிறது. யாரும் கலந்ததில்லை, மலையிலிருந்து ஆறு கொண்டு வந்த வண்டலில் இருப்பது, காற்று எட்டாத மண்ணுக்குள் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மண் குடம் இதைத் தடுக்காது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி, விஷம் இன்னும் செறியும். ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகுதான் தோலில் கரும்புள்ளியும், உள்ளங்கை உள்ளங்காலில் காய்ப்பும் தெரியும். புற்றுநோயிலும் போய் முடியலாம். நிறத்தாள் சோதனைப் பெட்டியில் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழாய் நன்றாக இருப்பது உங்கள் குழாய்க்குச் சாட்சி ஆகாது. அளவு கூடுதலாக இருந்தால் அந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும், குடிக்க மழைநீர்.

ஆழ்குழாயில் வேறு தொல்லையும் உண்டு. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சிறிது நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் இரும்பு. குடத்தின் துளைகளை இரும்புத் துரு சீக்கிரம் அடைக்கும். ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து பத்து முறை ஆற்றி, ஒரு இரவு வைத்துத் தெளிவை எடுங்கள். உப்புக்கு அந்த வைத்தியமும் இல்லை. கோடையில் டெல்டாவின் கீழ்ப்பகுதியில் கடல்நீர் ஏறும்போது, வடித்த தண்ணீரும் அதே கரிப்புத்தான்.

மாற்று என்று பார்த்தால் ‘யேதான்’ என்கிற, சுத்திகரித்த தண்ணீர் அடைத்த 20 லிட்டர் பாட்டில். எஃப்.டி.ஏ. (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) எண் அச்சிட்ட லேபிளும், உடையாத மூடிச் சுற்றும் இருந்தால் வாங்கலாம். உள்ளே பச்சை படிந்த, கீறல் விழுந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். திறந்ததைச் சில நாளுக்குள் முடியுங்கள். விறகில் கொதிக்க வைப்பது கிருமிக்கு மிக உறுதியான வழி. ஆனால் ஓலைக் குடிசைக்குள் புகை அடைத்தால் அதன் விலையை அடுப்படியில் இருக்கும் பெண்களின், குழந்தைகளின் நுரையீரல் கொடுக்கும்.

இதில் பணத்தின் கணக்கு விசித்திரமானது. நாள்கூலி வாங்கும் குடும்பம் தினமும் பாட்டில் வாங்குகிறது. சில மாதத்துப் பாட்டில் காசைக் கூட்டிப் பார்த்தால் அதில் ஒரு குடம் வாங்கிவிடலாம். ஆனால் அந்தத் தொகை ஒரே நாளில் கையில் இருப்பதில்லை. உங்கள் வீட்டு மாதப் பாட்டில் செலவைக் குடத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். குடத்தை 2 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கோயில் கமிட்டிகள் சீட்டு முறையில் பத்துப் பத்துக் குடமாக எடுத்து, மாதத் தவணையில் கொடுப்பதுதான் நாங்கள் அறிந்ததில் நல்ல வழி. பத்துக் குடத்துக்கு இரண்டு மாற்றுக் குடம், மூன்று உபரிக் குழாய் கோயில் அறையில் இருக்கட்டும்.

ரங்கூனின் தொழிற்சாலைப் பகுதியான லாய்ங்தாயா போன்ற இடங்களில் வாடகை அறை மாறி மாறி வாழும் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் குடத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இரண்டாவது வீடு மாறும்போது உடைந்துவிடும். மூடியும் குழாயும் உள்ள வாளி ஒன்றும் குளோரின் மாத்திரையும் அவர்களுக்குப் போதும், தண்ணீர் தெளிவாக இருந்தால்.

திருவிழாக் கூட்டத்துக்கும் இது உதவாது. மணிக்கு 2 லிட்டரை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்கு அன்னதானம் போட முடியாது. அங்கே பெரிய தொட்டியும் அளந்த குளோரினும்தான். ஆனால் தெருவோரத்தில் பர்மியர் வைக்கும் ‘யே-ஓ-சின்’ என்கிற தண்ணீர்ப் பானை மேடை, நம்மவர் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் இரண்டுக்கும் இந்த வாளி மிகப் பொருத்தம். திறந்த பானையில் ஒரே குவளையை எல்லோரும் முக்கி மொள்வதால், முதல் ஆள் கையில் இருப்பது பத்தாவது ஆள் வயிற்றுக்குப் போகிறது. குழாய் வைத்த வாளியில் கை படாது. நிழலில் வையுங்கள், ஒளி ஊடுருவும் வாளி வெயிலில் பாசி பிடிக்கும்.

நன்றாக வைத்துக்கொண்ட குடத்தையும் 2 ஆண்டு ஆனதும் மாற்றிவிடுங்கள். இடையில் ஒரு நாள் திடீரென்று வேகமாக வடிந்தால் அன்றே நிறுத்துங்கள், கீறல் விட்டிருக்கிறது. சிமெண்டோ பசையோ வைத்து அடைத்து மறுபடி ஏற்றாதீர்கள். கீறிய குடத்தில் கறிவேப்பிலைக் கன்று நன்றாக வளரும்.